மீதி இருக்கும் குதிரை

(தடை தாண்டும் பந்தயக் குதிரைகளை மதிப்பிடுவது குறித்து, 2025 அக்டோபரில் பருவத் தொடக்கத்தையொட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2022 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தில் செல்டன்ஹாம் விழாவின் முதல் பந்தயம், 'நாவிஸ்' எனப்படும் புதுமுகக் குதிரைகளுக்கான சுப்ரீம் நாவிசஸ் ஹர்டில். நிக்கி ஹெண்டர்சன் என்ற ஒரே பயிற்சியாளரின் லாயத்திலிருந்து இரண்டு இளம் குதிரைகள் அதில் ஓடின. ஒன்றின் பெயர் ஜான்பான். அயர்லாந்தின் கிராமப்புறப் பந்தயம் ஒன்றில் வென்றதும் ஏலத்துக்கு வந்து 5,70,000 பவுண்டுக்குப் போன குதிரை. அதன் கூடப் பிறந்த அண்ணன் டூவான் அதற்கு முன்பே பெரும் பெயர் வாங்கியிருந்தது. இன்னொன்று கான்ஸ்டிட்யூஷன் ஹில். அதுவும் அயர்லாந்தின் கிராமப்புறத்தில்தான் முதலில் ஓடியது. வெல்லவில்லை, இரண்டாவதாக வந்தது. 1,20,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். செல்டன்ஹாமில் இரண்டு மைலும் மேடும் முடிந்து கோட்டைத் தாண்டியபோது இரண்டுக்கும் நடுவே 22 குதிரை நீளம் இடைவெளி. முன்னால் இருந்தது கான்ஸ்டிட்யூஷன் ஹில்.

இதைக் கேட்டதும் ஜான்பானுக்கு அவ்வளவு பணம் கொடுத்தவர் ஏமாந்துபோனார் என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படி இல்லை. ஜான்பான் பிறகு வேலி தாண்டும் பந்தயங்களுக்குப் போய் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் டிங்கிள் கிரீக் பந்தயத்தை வென்றது. உயர்தரப் பந்தயங்களை அடுக்கடுக்காக வென்று 2025-ல் பத்தாவது வயதை நெருங்கியது. அதை வாங்கியவர்கள் பார்த்தது சரிதான். கான்ஸ்டிட்யூஷன் ஹில்லை வாங்கியவர்கள் பார்த்ததும் சரிதான். முடிவுப் பலகையில் எழுதியிருந்த முதல், இரண்டாம் என்ற எண்கள் மட்டும் குதிரைகளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஓட்டத்தை ஓட்டமாகப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் புலப்பட்டது.

இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். வளரும் குதிரை ஒன்றைப் பார்க்கும்போது அது வென்றதா என்று கேட்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. ஓடி முடித்தபின் அதனிடம் என்ன மீதி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஃபில் புல் 1948-ல் தொடங்கிய டைம்ஃபார்ம் நிறுவனம் ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் எண் கொடுக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் யாரும் எட்டாத 212 என்ற எண்ணை ஆர்க்கிள் என்ற குதிரை 1960-களில் வாங்கியது. ஆனால் இளம் குதிரைகள் விஷயத்தில் அந்த எண்ணைவிட அதன் பக்கத்தில் போடும் சின்ன 'பி' என்ற எழுத்தையே நான் முதலில் தேடுவேன். இந்தக் குதிரை இன்னும் முன்னேறும் என்பது அதன் பொருள். அந்த எழுத்தை எப்போது போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விளையாட்டில் பாதி புரிந்தது.

கிண்டி மைதானத்தில் பந்தயம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அது சமதளப் பந்தயம். இளம் வயதிலேயே குதிரை உச்சத்துக்கு வந்துவிடும். தடை தாண்டும் பந்தயம் வேறு உலகம். 1752-ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் தேவாலயம் வரை, குறுக்கே வந்த சுவரையும் ஓடையையும் தாண்டிக்கொண்டு இரண்டு பேர் குதிரைப் போட்டி வைத்தார்கள் என்பது இதன் பிறப்புக் கதை. இன்று இரண்டு வகை உண்டு. ஹர்டில் என்பது குறைந்தது மூன்றரை அடி உயரமுள்ள, இடித்தால் சாய்ந்து கொடுக்கும் தட்டி. ஃபென்ஸ் என்பது குறைந்தது நாலரை அடி உயரமுள்ள, எளிதில் சாயாத வேலி. மிகக் குறைந்த தூரமே சுமார் இரண்டு மைல். செல்டன்ஹாம் கோல்ட் கப் மூன்று மைலுக்கும் மேல், 22 வேலிகள். எயின்ட்ரீயின் கிராண்ட் நேஷனல் நாலே கால் மைலுக்கும் கொஞ்சம் அதிகம், 30 வேலிகள். அக்டோபரில் தரை நனையத் தொடங்கும்போது பருவம் சூடுபிடித்து, ஏப்ரல் இறுதியையொட்டி இங்கிலாந்தில் சாண்டவுனிலும் அயர்லாந்தில் பஞ்ச்ஸ்டவுனிலும் முடியும்.

இவ்வளவு தூரம், இவ்வளவு உயரம் என்றால் உடம்பு முதிர வேண்டும். கோல்ட் கப் வெல்லும் குதிரைகள் பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது வயதுக்குள் இருக்கும். 2011-ல் லாங் ரன் ஆறு வயதில் வென்றது பெரிய செய்தியானது. பெரும்பாலான ஆண் குதிரைகள் காயடிக்கப்பட்டவை. இனப்பெருக்கத்துக்கு அனுப்பும் அவசரம் இல்லாததால் பத்து, பன்னிரண்டு வயது வரை ஓடுகின்றன. அதனால்தான் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சாதாரண மக்கள் இந்தக் குதிரைகளைப் பெயர் சொல்லி நேசிக்கிறார்கள். ஒரு குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அறிமுகமான குதிரை, அது உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நீண்ட ஆயுள்தான் மதிப்பீட்டுக்கு அர்த்தம் கொடுக்கிறது. பார்த்து வைத்தால் பல ஆண்டு பலன் தரும்.

இந்தக் குதிரைகள் எங்கிருந்து வருகின்றன? மூன்று வயது வரை முதுகில் ஆள் ஏறாமல் மேய்ச்சலில் வளர்ந்து, கோடையில் ஃபேரிஹவுஸ் போன்ற இடங்களில் ஏலத்துக்கு வருபவை ஒரு வகை. நம் ஊரில் சந்தைக்குப் போனவர் மாட்டைச் சுற்றிவந்து சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல, அங்கேயும் வாங்க வருகிறவர்கள் நடையையும் தோளையும் கால் எலும்பையும் பார்த்தே விலை சொல்கிறார்கள். அதற்கு மேல் எந்தச் சான்றும் இல்லை. அப்படி வாங்கியவற்றைப் பழக்கி வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்துக்காரர்களும் மற்றவர்களும் பாயின்ட்-டு-பாயின்ட் எனப்படும் கிராமப்புறப் பந்தயங்களில் ஓட்டுகிறார்கள். விவசாய நிலத்தில் கயிறு கட்டி நடத்தும், அமெச்சூர் ஜாக்கிகள் ஓட்டும் மூன்று மைல் பந்தயங்கள் அவை. நான்கு வயதுக் குதிரை ஒன்று அங்கே வென்றால், சில நாட்களிலோ வாரங்களிலோ ஏல மேடையில் நிற்கும். பெரிய பணம் அங்கே புரளும்.

அந்த ஒரே ஓட்டத்தை எப்படிப் படிப்பது? என் வழி இது. வென்ற இடைவெளியை முதலில் ஒதுக்கிவிடுவேன். கடைசி மூன்று வேலிகளுக்கு முன்னால் ஜாக்கியின் கை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். மற்ற ஜாக்கிகள் தோளை ஆட்டித் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் கடிவாளத்தைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் குதிரையைக் குறித்துக்கொள்வேன். அடுத்தது, வேலிக்கு முன்னால் குதிரை கால் எண்ணுகிறதா என்பது. அனுபவமில்லாத குதிரை தவறான இடத்துக்கு வந்துசேர்வது இயல்பு. அப்போது குட்டையாக ஓர் அடி வைத்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு தாண்டுகிறதா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறதா என்பதில்தான் அதன் புத்தி தெரியும். கடைசியாக, கோட்டைத் தாண்டிய பிறகு அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. களைத்த குதிரை தானாக நின்றுவிடும். மீதி இருக்கும் குதிரையை ஜாக்கி இழுத்து நிறுத்த வேண்டியிருக்கும். தொலைக்காட்சி அந்தக் காட்சியைக் காட்டாமல் பரிசளிப்புக்குப் போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

குதிரைகள் வரும் இரண்டாவது வழி பம்பர் எனப்படும் பந்தயங்கள். தடையே இல்லாத, ஆனால் தடை தாண்டப் போகும் இளம் குதிரைகளுக்கான ஓட்டம். செல்டன்ஹாமில் 1992 முதல் இதற்கென்றே ஒரு சாம்பியன் பம்பர் நடக்கிறது. 1997-ல் அதை வென்ற ஃப்ளோரிடா பெர்ல் பிறகு அயர்லாந்தின் கோல்ட் கப்பை நான்கு முறை வென்றது. 2010-ல் நான்கு வயதில் 40-க்கு 1 என்ற பந்தய விலையில் வென்ற கியூ கார்ட், ஐந்து ஆண்டு கழித்து கிங் ஜார்ஜ் பந்தயத்தை வென்றது. அதே பம்பரை வென்று பிறகு மறைந்துபோனவையும் உண்டு. வேகம் இருந்தது, தாண்டும் மனம் இல்லை.

பிரான்சிலிருந்து வருபவை மூன்று வயதிலேயே ஓட்டோய் மைதானத்தில் தாண்டிப் பழகியவை. கால் வேலை தெரிந்தவை, சீக்கிரம் முதிர்பவை. சமதளப் பந்தயத்திலிருந்து வருபவற்றைப் பற்றிப் பேசுவது கடினம். 2025 மார்ச்சில் டிரையம்ஃப் ஹர்டிலை வென்ற போனிரோஸ் அதற்கு முன் ஒரு ஹர்டில் பந்தயத்திலும் ஓடியதில்லை. விலை 100-க்கு 1. பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் லாயத்தில் இருந்த குதிரை அது. இவ்வளவு நேரம் நான் சொன்ன எந்த வழியும் போனிரோஸைக் காட்டிக்கொடுத்திருக்காது. சான்றே இல்லாத இடத்தில் எந்த மதிப்பீடும் செல்லாது.

சென்னைக்காரர்களுக்கு இந்த மதிப்பீடு என்ற விஷயத்தில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நடந்த நீண்ட வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. சென்னை ரேஸ் கிளப் தொடர்பான அந்த வழக்கில் குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும் ஜாக்கியின் திறனும் எடைபோடப்பட்டன. பணம் கட்டுவது பற்றி நான் இன்று ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. ஆனால் பார்த்து, நினைவில் வைத்து, ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவது அறிவு சார்ந்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு வெற்றியை எப்படி எடைபோடுவது என்பதற்கு வருகிறேன். தரை முதல் சாட்சி. சேறான தரையில் களைத்த குதிரைகள் நடந்தேவிடும். அங்கே முப்பது நீளத்தில் வென்ற குதிரை உண்மையில் நான்கைந்து நீளம்தான் மேலானதாக இருக்கலாம், மற்றவை நின்றுபோனதால் இடைவெளி ஊதிப் பெருகும். நல்ல தரையில் நான்கு நீளத்தில், கை அசையாமல் வென்றது அதைவிடப் பெரிய செயல். மைதானம் இரண்டாவது சாட்சி. செல்டன்ஹாம் இடப்பக்கம் திரும்பும், மேடு பள்ளம் நிறைந்தது, கடைசியில் ஏற்றம். கெம்ப்டன் வலப்பக்கம் திரும்பும், தட்டையானது. டெசர்ட் ஆர்க்கிட் என்ற வெள்ளைக் குதிரை கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் பந்தயத்தை நான்கு முறை வென்றது. செல்டன்ஹாம் விழாவில் அது வென்றது ஒரே ஒரு முறை, 1989 கோல்ட் கப்பில், மழையும் பனியும் கலந்த சேற்றில். வலப்பக்கம் திரும்புவதையே விரும்பிய குதிரை இடப்பக்கம் திரும்பும் மைதானத்தில் அன்று காட்டிய நெஞ்சுரத்தை இன்றும் பேசுகிறார்கள்.

மூன்றாவது சாட்சி காலம். தோற்றவை பிறகு என்ன செய்கின்றன என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும். 2022 சுப்ரீம் பந்தயம் எவ்வளவு பெரியது என்று அன்றே சிலர் சொன்னார்கள். ஆனால் 22 நீளம் பின்னால் வந்த ஜான்பான் வரிசையாக உயர்தரப் பந்தயங்களை வென்ற பிறகுதான் அந்த 22 நீளத்தின் முழு மதிப்பும் தெரிந்தது. அடுத்த ஆண்டு கான்ஸ்டிட்யூஷன் ஹில் சாம்பியன் ஹர்டிலை ஒன்பது நீளத்தில் வென்றது.

அதே 2022 விழாவில், இரண்டு நாள் கழித்து நடந்த டர்னர்ஸ் நாவிசஸ் சேஸ் என்ற வேலிப் பந்தயம்தான் எனக்கு மிகவும் பாடம் சொன்னது. கேலொபான் டே ஷான், பாப் ஒலிங்கர் என இரண்டு சிறந்த இளம் குதிரைகள். கடைசி வேலிக்குக் கேலொபான் தனியாக வந்தது. பாப் ஒலிங்கர் எட்ட முடியாத தூரத்தில் பின்னால். கேலொபான் வேலியைத் தாண்டிவிட்டது. தரையில் இறங்கியபோது முன்கால் மடங்கி விழுந்தது. பாப் ஒலிங்கர் ஓடிவந்து வென்றது. முடிவுப் பட்டியலை மட்டும் படித்தவருக்கு ஒன்று வென்றது, ஒன்று விழுந்தது. கண்ணால் பார்த்தவருக்கு விழுந்த குதிரைதான் சிறந்தது என்பதில் மறுபேச்சே இல்லை. கேலொபான் 2023-லும் 2024-லும் கோல்ட் கப்பை வென்றது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி பாப் ஒலிங்கர். எளிதாகக் கிடைத்த அந்த வெற்றிக்குப் பிறகு வேலிப் பந்தயங்களில் அது தேறவில்லை. முடிந்துபோன குதிரை என்று பலர் கைவிட்டார்கள். பயிற்சியாளர் ஹென்றி டி ப்ரோம்ஹெட் அதை மீண்டும் ஹர்டிலுக்குக் கொண்டுவந்தார், தூரத்தைக் கூட்டினார். 2025-ல் பத்து வயதில், ரேச்சல் பிளாக்மோர் ஓட்ட, மூன்று மைல் ஸ்டேயர்ஸ் ஹர்டிலை வென்றது. 2021-ல் ஆறு வயதில் அதைப் பார்த்து நம்பியவர்கள் தவறவில்லை. எந்த வகைப் பந்தயத்துக்கு உரியது என்பதில்தான் நான்கு ஆண்டு போனது.

தோல்வியில் ஒளிந்திருக்கும் குதிரைக்கு இதைவிட நல்ல உதாரணம் 2025 கோல்ட் கப். இனோதவேயுர்திங்கின் என்ற ஏழு வயதுக் குதிரை, கேவின் குரோம்வெல் பயிற்சியாளர். 2024 வசந்தத்தில் செல்டன்ஹாமில் கிம் மியூர் பந்தயத்தையும் எயின்ட்ரீயில் ஓர் உயர்தர நாவிஸ் பந்தயத்தையும் வென்றிருந்தது. அடுத்த பருவத்தில் தோல்விகள். பிப்ரவரியில் அயர்லாந்தின் கோல்ட் கப்பில் கேலொபானுக்குப் பின்னால் நான்காவது. ஆனால் அந்த நான்காம் இடம் எப்படி வந்தது? நடுவில் பின்தங்கி, மற்றவை களைக்கும்போது இது பெருகிக்கொண்டே வந்தது. லெப்பர்ட்ஸ்டவுனின் மூன்று மைல் அதற்குப் போதவில்லை. செல்டன்ஹாமின் கூடுதல் தூரமும் ஏற்றமும் அதற்காகவே அமைந்தவை. 25,000 பவுண்டு கூடுதல் கட்டணம் செலுத்திக் கடைசி நேரத்தில் பெயர் சேர்த்தார்கள். மூன்றாவது முறையாக வெல்ல வந்த கேலொபானை ஆறு நீளத்தில் முந்தியது. அடுத்த மாதம் கிராண்ட் நேஷனலிலும் அதுவே ஃபேவரிட். ஆனால் அதன் தரப்பினர் அதைக் களத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஒரே வசந்தத்தில் இரண்டு பெரும் உழைப்பு வேண்டாம் என்ற அந்த முடிவை, கோல்ட் கப் வெற்றிக்கு நிகராக நான் மதிக்கிறேன்.

தாண்டுதலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. ஹர்டிலில் பறந்த குதிரை வேலியில் தடுமாறுவது அன்றாடம் நடப்பது. ஹர்டிலைக் குதிரை ஓட்டத்தின் வேகத்திலேயே தட்டிக்கொண்டு போகலாம். வேலியை மதிக்க வேண்டும். முதுகை வளைத்து, முன்காலை மடக்கி, காற்றில் அதிக நேரம் செலவழிக்காமல், இறங்கியதும் ஓட வேண்டும். ஒவ்வொரு வேலியிலும் அரை நீளம் சேமித்தால் 22 வேலிகளில் 11 நீளம். கால் வேகம் கூடுதலாக இல்லாமலேயே பந்தயத்தை வெல்ல அது போதும். வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்து தாண்டும் குதிரையைக் கவனியுங்கள். சில சமயம் பழக்கம், பல சமயம் எங்கோ வலி. அதைத் தவறவிடுவது குதிரைக்குச் செய்யும் அநீதி.

இளம் குதிரையின் ஒரு பிழையை வைத்து அதை ஒதுக்கிவிடவும் கூடாது. காட்டோ ஸ்டார் 2005 ஜனவரியில் எக்ஸெட்டரில் கடைசிக்கு முந்தைய வேலியில் விழுந்தது. ஜாக்கி ரூபி வால்ஷ் மறுபடி ஏறி, அங்கவடியில் காலே வைக்காமல் ஓட்டி, மயிரிழையில் தோற்றார். இன்று அப்படி மறுபடி ஏறி ஓட்ட அனுமதி இல்லை, அது நல்லதுதான். பிறகும் கடைசி வேலிகளில் அந்தக் குதிரை நெஞ்சைப் பதறவைத்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் இரண்டு கோல்ட் கப், ஐந்து கிங் ஜார்ஜ். மறுபுறம், பழுத்த குதிரைக்கும் கால் பிசகும். கான்ஸ்டிட்யூஷன் ஹில் 2025 சாம்பியன் ஹர்டிலில் விழுந்தது, அடுத்த மாதம் எயின்ட்ரீயிலும் விழுந்தது. அந்தச் சாம்பியன் ஹர்டிலில் முன்னணியில் வந்த ஸ்டேட் மேனும் கடைசி ஹர்டிலில் விழ, சோமர்செட்டின் ஜெரமி ஸ்காட் பயிற்றுவித்த கோல்டன் ஏஸ் என்ற பெட்டைக் குதிரை 25-க்கு 1 விலையில் வென்றது. அதிர்ஷ்டம் என்றார்கள். 2024-ல் இதே செல்டன்ஹாமில் பெட்டைக் குதிரைகளுக்கான நாவிஸ் பந்தயத்தில் பிரைட்டர்டேஸ்அஹெட் என்ற மதிப்புமிக்க குதிரையை அது தோற்கடித்ததை மறந்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள்.

பரம்பரை பற்றிச் சுருக்கமாக. உபயோகமானது, ஆனால் தீர்ப்பு அல்ல. ரெட் ரம் ஒரு மைல் ஓட்டத்துக்கென்று வளர்த்த குதிரை. 1967-ல் எயின்ட்ரீயிலேயே ஐந்து ஃபர்லாங் என்ற சிறிய தூரத்தில் சமநிலையில் முதலாவதாக வந்தது. பிறகு அதே மைதானத்தில் 1973, 1974, 1977 என மூன்று முறை கிராண்ட் நேஷனலை வென்றது. டைகர் ரோல் டெர்பி வென்ற ஆதரைஸ்டின் மகன், சிறிய உருவம். சமதளத்தில் ஒரு முறைகூட ஓடாமல் 10,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. 2018, 2019 நேஷனல் இரண்டும் அதற்கே.

உடம்பு பற்றி நாம் வெளியிலிருந்து அறியக்கூடியது கொஞ்சம்தான். ஆனாலும் சில உண்டு. மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சை செய்த குதிரை என்றால் 2018 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் குதிரையின் முதல் ஓட்டத்தை நான் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்பிரின்டர் சாக்ரே 2013-ல் உலகமே வியக்க ஓடி, அந்த டிசம்பரில் இதயத் துடிப்புக் கோளாறால் நிறுத்தப்பட்டது. திரும்பிவந்து 2016-ல் சாம்பியன் சேஸை மீண்டும் வென்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் பயிற்சியாளர் ஹெண்டர்சன் காட்டிய பொறுமை இல்லையென்றால் அந்தக் குதிரை ஒரு சோகக் கதையாகவே முடிந்திருக்கும். இந்த விளையாட்டில் குதிரைகள் இறக்கின்றன. அதை மறைத்துவிட்டு இதை நேசிப்பதாக நான் சொல்ல முடியாது. 2024-ல் நேஷனலில் ஓடும் குதிரைகளை 40-லிருந்து 34-ஆகக் குறைத்தார்கள், முதல் வேலியைத் தொடக்கக் கோட்டுக்கு அருகே கொண்டுவந்தார்கள். சரியான காரியம், இன்னும் செய்ய வேண்டும். ஒரு குதிரையைப் பின்தொடர்வதென்று முடிவெடுக்கும்போது அதன் லாயத்தையும் சேர்த்தே எடைபோடுங்கள். எப்போது ஓட்டக் கூடாது என்று தெரிந்தவரின் குதிரைதான் பல பருவம் நிலைக்கும்.

இந்தப் பருவத்துக்கு வருகிறேன். மூன்று பெயர்கள்.

முதலாவது தி நியூ லயன். வாரிக்‌ஷையரில் டான் ஸ்கெல்டனின் லாயம். கடந்த டிசம்பரில் நியூபரியில் சேலோ ஹர்டிலை வென்றது, மார்ச்சில் செல்டன்ஹாமில் டர்னர்ஸ் நாவிசஸ் ஹர்டிலை வென்றது. இரண்டும் இரண்டரை மைல் அளவுத் தூரம். தந்தை கேஃப் டாரா, ஆஸ்கட் கோல்ட் கப்பை இரண்டு முறை வென்ற நெடுந்தூரக் குதிரை. இரண்டு மைல் சாம்பியன் ஹர்டிலுக்கு வேகம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். கேஃப் டாராவின் மகனான ஸ்பெஷல் டியாராதான் 2017-ல் இரண்டு மைல் சாம்பியன் சேஸை வென்றது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். இந்தக் குதிரை சோம்பலாக ஓடி, கேட்டபோது மட்டும் கொடுப்பது. எவ்வளவு மீதி வைத்திருக்கிறது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு மைலில் வேகமான போட்டி ஒன்று அமைந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது பேம்பினோ ஃபீவர். வில்லி மல்லின்ஸின் பெட்டைக் குதிரை, ஜோடி டவுனென்ட் ஓட்டி இந்த ஆண்டு சாம்பியன் பம்பரை வென்றது. ஹர்டிலில் பெட்டைக் குதிரைகளுக்கு ஏழு பவுண்டு எடைச் சலுகை உண்டு. அந்தச் சலுகையோடு அவளுக்குத் தாண்டும் மனமும் இருந்தால் எட்டாத உயரம் இல்லை. ஆனால் பம்பரைப் பற்றி முன்பு சொன்னதை இங்கே மறக்கக் கூடாது. முதல் ஹர்டில் பந்தயத்தில் அவள் வெல்வதைவிட, மூன்றாவது நான்காவது தட்டியில் தன் அடியைத் தானே சரிசெய்கிறாளா என்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் ஆவலைத் தூண்டும் குதிரை, லுலாம்பா. பிரான்சில் தாண்டப் பழகி ஹெண்டர்சனிடம் வந்தது. ஜனவரியில் ஆஸ்கட்டில் வென்றது. டிரையம்ஃப் ஹர்டிலில் போனிரோஸிடம் கழுத்தளவில் தோற்றது. பிறகு பஞ்ச்ஸ்டவுன் விழாவில் நான்கு வயதுக் குதிரைகளுக்கான சாம்பியன் பந்தயத்தை வென்றது. டிரையம்ஃபில் அதன் ஓட்டத்தைத் திரும்பப் பார்த்தால், அதிக அனுபவமில்லாத குதிரை கடைசி மேட்டில் எப்படிப் போராடியது என்று தெரியும். இது வேலிப் பந்தயத்துக்குப் போகுமென்றால் நான்கு வயதிலேயே போகும். அந்த வயதுக் குதிரைகளுக்கு மூத்தவற்றைவிடக் குறைந்த எடை. கிறிஸ்துமஸுக்கு முன் அது பெரிய இடைவெளியில் வென்றால், அதில் ஒரு பகுதியை எடைச் சலுகைக்குக் கழித்துக்கொள்ளுங்கள். புத்தாண்டில் ஐந்து வயதாகி, சலுகை சுருங்கி, பிப்ரவரியில் முதிர்ந்த குதிரைகளோடு தாண்டும்போது அது எத்தனை நீளம் முன்னால் இருக்கிறதோ அதைத்தான் நான் குறித்துவைப்பேன்.